டொமைன் பெயர்களை அரசுகளிடம் ஒப்படைக்கலாமா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்துவரும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் நிறுவனத்தின் இணையப் பெயர் எனக்கு உரியதா என்பதற்கான விதிகளைக் கலிஃபோர்னியாவில் பதிவான ஒரு தனியார் அமைப்பு எழுதுகிறது. அந்தத் தொழிலில் சம்பாதிப்பவர்களே அங்கே உட்கார்ந்து தங்களுக்கான விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையோ நம் நாட்டு அரசோ இதை ஏற்று நடத்துவதுதானே முறை?"

கோவையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டொமைன் பதிவும் ஹோஸ்டிங்கும் செய்து பிழைப்பவன் நான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்களின் வேரை அரசுகளிடம் கொடுக்கக்கூடாது. அதே சமயம், கடைமடையில் நிற்கும் உங்களைப் போன்றோருக்கு இன்றைய சுயக்கட்டுப்பாட்டில் குரல் இல்லை என்ற உங்கள் குறை முழுக்க உண்மை. அதைத் தீர்க்க அரசின் சட்டம் தேவைப்படுகிறது. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்க முடியும் என்பதைச் சற்று விரிவாகவே விளக்கவேண்டும்.

முதலில் வேர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். டாட் இன் என்று முடியும் ஒரு முகவரியை நீங்கள் தட்டியதும், உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் சர்வர், அதற்கு விடை ஏற்கெனவே நினைவில் இல்லையென்றால், வேர்ச் சர்வர் ஒன்றிடம் போய் "டாட் இன் பெயர்களுக்குப் பொறுப்பு யார்?" என்று கேட்கிறது. வேர்ச் சர்வர், டாட் இன் பெயர்களின் பட்டியலை வைத்திருக்கும் பதிவகத்தின் சர்வர்களைக் கைகாட்டுகிறது. அவை உங்கள் நிறுவனத்தின் சர்வரைக் கைகாட்டுகின்றன. வேரில் இருப்பது இவ்வளவுதான்: டாட் காம், டாட் இன், டாட் ஆர்க் என 1,400க்கும் மேற்பட்ட கடைசிச் சொற்களும், அவை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான சர்வர்களின் முகவரிகளும் அடங்கிய ஒரு சிறு கோப்பு. அதன் நகல்களை 13 எழுத்துப் பெயர்களில் 12 அமைப்புகள் உலகெங்கும் வைத்து நடத்துகின்றன. அந்தக் கோப்பில் ஒரு வரியைச் சேர்க்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம் என்பதுதான் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் வழக்கு.

இந்த அமைப்பை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அதன் பொறுப்பைத் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் போஸ்டல் பல ஆண்டுகள் கவனித்துவந்தார். எந்த நாட்டின் குறியீட்டை யாரிடம் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் அவர் மீதிருந்த நம்பிக்கையே தீர்மானித்தது. பணம் வந்த பிறகு அந்த நம்பிக்கை போதவில்லை. 1993இல் பதிவுப் பணி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்திடம் போனது. 1995 செப்டம்பர் முதல் அது இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் வாங்கத் தொடங்கியது. அதுவரை பதிவு இலவசமாக இருந்தது. போட்டியில்லாத அந்த ஒற்றைக் கடையை எதிர்த்துக் குரல்கள் எழுந்தன. 1998 ஜனவரி 28 அன்று போஸ்டல், அமெரிக்க அரசின் கையில் இல்லாத எட்டு வேர்ச் சர்வர்களை நடத்தியோருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இனிமேல் தம் சர்வரிலிருந்து வேர்க் கோப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்களும் அப்படியே செய்தார்கள். வெள்ளை மாளிகையின் அழுத்தத்துக்குப் பிறகு சில நாட்களில் எல்லாம் பழையபடி மாற்றப்பட்டது. ஒரு தனி மனிதரின் மின்னஞ்சலுக்கு உலக இணையத்தின் வேர் அசையக்கூடும் என்று எல்லோரும் கண்கூடாகக் கண்ட நாட்கள் அவை. அவ்வாண்டு செப்டம்பரில், நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கலிஃபோர்னிய அமைப்பான ஐகான் உருவானது. அக்டோபர் 16 அன்று போஸ்டல் காலமானார்.

அப்போது சொல்லப்பட்ட கொள்கை, தனியார் தலைமையில் சுயக்கட்டுப்பாடு என்பது. நடைமுறையில், 2016 அக்டோபர் 1 வரை வேர்க் கோப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் தேவைப்பட்டது. எனவே "அமெரிக்கா மட்டும் எப்படி?" என்று மற்ற நாடுகள் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்தியாவும் கேட்டது. 2011 அக்டோபரில் ஐ.நா. பொதுச் சபையில், 50 உறுப்பு நாடுகளைக் கொண்ட இணையக் கொள்கைக் குழு ஒன்றை அமைக்கவேண்டும் என்று நம் அரசு முன்மொழிந்தது. அரசுகளின் குழுவே கொள்கை வகுக்கும். தொழில்துறை, பொறியாளர்கள், பயனாளர்கள் ஆலோசனை சொல்லலாம் என்பது அதன் சாரம். உள்நாட்டிலேயே அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜூனில் பியூனஸ் அயர்ஸில் நடந்த ஐகான் கூட்டத்தில், பல தரப்பினரும் சேர்ந்து நடத்தும் முறையையே ஆதரிப்பதாக இந்தியா அறிவித்தது. அமெரிக்காவின் அந்த ஒப்புதல் முறை முடிவுக்கு வந்த பிறகு ஐகானின் முதல் கூட்டம் 2016 நவம்பரில் ஹைதராபாத்தில் நடந்தது.

நம் அரசு நிலையை மாற்றிக்கொண்டது சரி என்றே கருதுகிறேன். அதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, 2022இல் நடந்தது. போர் தொடங்கிய சில நாட்களில் உக்ரைன் அரசு ஐகானுக்குக் கடிதம் எழுதி, ரஷ்யாவின் டாட் ஆர்யூ குறியீட்டைச் செயலிழக்கச் செய்யுமாறு கேட்டது. படையெடுக்கப்பட்ட நாட்டின் வேதனையில் பிறந்த கோரிக்கை அது. அந்த வேதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஐகான் மறுத்துவிட்டது. தன் வேலை இணையம் இயங்குவதை உறுதிசெய்வது, நிறுத்துவது அதன் பணியாகாது என்று பதில் எழுதியது. அதே வாரத்தில் ஐ.நா. பொதுச் சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன. வேர்க் கோப்பு அரசுகளின் வாக்கில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நாட்டின் மருத்துவமனை, பள்ளிக்கூடம், அந்தப் போரையே எதிர்த்து எழுதிய உள்ளூர்ப் பத்திரிகை என எல்லாவற்றின் பெயரும் ஒரே நாளில் அழிந்திருக்கலாம். அந்த வழக்கம் ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், அடுத்த முறை எந்த நாட்டின் பெயர் அழியும் என்பதை அன்றைய பெரும்பான்மைதான் சொல்லும்.

இரண்டாவது காரணம் தமிழ் சார்ந்தது. இதை நான் சற்று உரிமையோடு சொல்கிறேன். வேர்க் கோப்பில் தமிழ் எழுத்தில் இன்று மூன்று நாட்டுக் குறியீடுகள் உள்ளன: டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர். மூன்றும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேரில் ஏறின. மூன்று அரசுகளின் ஆளுகையில் மூன்று பெயர்கள் இருந்தாலும் எழுத்து ஒன்றுதான். தமிழ்ப் பெயர்களை வேரில் ஏற்றும்போது எந்த எழுத்தை எதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று விதி எழுதியாகவேண்டும். ஒரு சிறு எடுத்துக்காட்டு: ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தும், ‘ஒ’ ‘ள’ என்ற இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து வைத்த ‘ஒள’வும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இவை வேறு வேறு. ‘ஔவை’ என்று நீங்கள் ஒரு பெயரைப் பதிந்தால், ‘ஒளவை’ என்று இன்னொருவர் பதிந்து உங்கள் வாடிக்கையாளரிடம் பணம் பறிக்கலாம். இத்தகைய விதிகளை எழுதியது, பிராமியிலிருந்து கிளைத்த ஒன்பது எழுத்து முறைகளுக்காக அமைக்கப்பட்ட, மொழியறிந்தோரும் கணினியறிந்தோரும் சேர்ந்த ஒரு குழு. தமிழுக்கான விதி 2019இல் வேர் விதித் தொகுப்பில் சேர்ந்தது. இந்த வேலை அரசுகளுக்கிடையிலான மேசைக்குப் போயிருந்தால் தமிழுக்கு அங்கே யார் பேசியிருப்பார்கள்? ஐ.நா.வில் இருக்கைகள் நாடுகளுக்கே உரியவை. தமிழை இந்தியா தன்னுடையது என்று சொல்லும், இலங்கையும் சிங்கப்பூரும் தம்முடையது என்று சொல்லும், மூன்றின் வெளியுறவுக் கணக்கும் வேறு வேறு. எழுத்தைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியதைத் தூதர்களிடம் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உள்நாட்டிலும் அரசின் கை எப்படி இயங்குகிறது என்பதை மறந்துவிடக்கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் ஓர் இணையதளத்தை முடக்கலாம். அதற்கான 2009ஆம் ஆண்டு விதிகள் அந்த ஆணையை இரகசியமாக வைக்கச் சொல்கின்றன. ஆகவே தன் தளம் எதற்காக முடங்கியது என்று உரியவருக்கே தெரியாமல் போகும் நிலை வருகிறது.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, ஐகான் நடத்துவதெல்லாம் சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். டாட் ஆர்க் விவகாரம் ஒன்று போதும். தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் அந்தக் குறியீட்டின் விலைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அதை நீக்கப்போவதாக ஐகான் 2019இல் கருத்துக் கேட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். ஏறத்தாழ எல்லோரும் கூடாது என்றார்கள். அந்த ஜூன் இறுதியிலேயே வரம்பு நீக்கப்பட்டது. நவம்பரில், டாட் ஆர்க்கை நடத்தும் இலாப நோக்கற்ற பதிவகத்தை எத்தோஸ் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்பதாக அறிவிப்பு வந்தது. ஐகானின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ஒருவர் அந்த முதலீட்டு நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் இருந்தார். எதிர்ப்பு பெருகியது, ஐகான் காலம் தாழ்த்திக்கொண்டே போனது. 2020 ஏப்ரல் 15 அன்று கலிஃபோர்னிய மாநில அட்டர்னி ஜெனரல் கடுமையான ஒரு கடிதம் எழுதினார். அம்மாநிலத்தில் பதிவான இலாப நோக்கற்ற அமைப்பு என்பதால் ஐகான் அவருடைய மேற்பார்வைக்கு உட்பட்டது. ஏப்ரல் 30 அன்று விற்பனைக்கு ஐகான் ஒப்புதல் மறுத்தது. மூவாயிரம் கடிதங்களால் ஆகாதது, சட்ட அதிகாரம் உள்ள ஒருவரின் ஒரு கடிதத்துக்குப் பிறகு நடந்தது.

டாட் காமை எடுத்துக்கொண்டால் அங்கே விலைக்கு இன்னமும் வரம்பு இருக்கிறது. மொத்த விலை ஆண்டுக்கு 10.26 டாலருக்கு 2024 செப்டம்பரில் உயர்ந்தது. அந்த வரம்பு நிலைத்திருப்பதற்குக் காரணம், பதிவகத்தோடு அமெரிக்க அரசு தனியே வைத்திருக்கும் ஒப்பந்தம். சுயக்கட்டுப்பாடு விலை வரம்பை எடுத்துவிட்ட இடத்தையும், அரசு அதைப் பிடித்துவைத்திருக்கும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

திருப்பூர்க்காரரான உங்களுக்குச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பற்றி நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் இந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஒப்புமை எனக்குத் தெரியவில்லை. சாயப்பட்டறை உரிமையாளர்கள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தாங்களே அமைத்தார்கள், தாங்களே நடத்தினார்கள். அதில் அக்கறையோடு உழைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சங்கங்களின் கூட்டத்தில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த விவசாயிக்கு நாற்காலி கிடையாது. தண்ணீர் கெட்டது அவருக்கு. செலவைத் தீர்மானித்தது மேலே இருந்தவர்கள். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியும் நடக்காததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணை வந்தது. அதற்குப் பிறகுதான் கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு நடைமுறைக்கு வந்தது. அன்றும் பட்டறைகளை அரசு எடுத்து நடத்தவில்லை; சாயத்தைத் தெரிந்தவர்கள்தான் இன்றும் நடத்துகிறார்கள். கீழே இருந்தவர் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது என்பதுதான் அங்கே வேறுபாடு.

டொமைன் உலகில் அந்தக் கீழ்மடைக்காரர் நீங்கள்தான். அவிநாசிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவருடைய டாட் காம் பெயரைத் தளம் வடிவமைத்துக் கொடுத்தவர், தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்துவைத்திருந்தார். சில ஆண்டுகளில் அவர் தொழிலை விட்டுவிட்டார். அந்த மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், காலாவதியான ஐந்து நாட்களுக்குள்ளும் நினைவூட்டவேண்டும் என்று ஐகான் விதி இருக்கிறது. நினைவூட்டல்கள் முறைப்படி போயின, யாரும் படிக்காத பெட்டிக்கு. மீட்டுக்கொள்ளும் 30 நாட்களும் கழிந்தன. பெயர் விடுபட்டதும் வெளிநாட்டில் யாரோ எடுத்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து சாம்பிள் கேட்டு வந்த மின்னஞ்சல்கள் திரும்பிப் போன பிறகுதான் இவருக்கு விஷயமே தெரிந்தது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பழைய பில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, "ஏனுங்க, இருவது வருசமா இதுல அடிச்சிருக்கிற பேரு என்ற பேருதானுங்களே, இதை இன்னொருத்தரு எப்படிங்க எடுத்துக்க முடியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

வழி இல்லாமல் இல்லை. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் வழக்குத் தொடுக்கலாம். ஒரே நடுவர் என்றாலும் கட்டணம் மட்டும் 1,500 டாலர். வணிகக் குறி உரிமையையும், எடுத்தவரின் கெட்ட எண்ணத்தையும் மெய்ப்பிக்கவேண்டும். நம் உச்ச நீதிமன்றம் 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் எதிராளி எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாதபோது தீர்ப்பை யாரிடம் கொண்டுபோய் நீட்டுவது? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமென்றால், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுவோரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக நுகர்வோராகக் கொள்வதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது: ஐகானின் விதிகள் அனைத்தும் ஐகானுக்கும் பதிவகத்துக்கும், ஐகானுக்கும் பெயரைப் பதிந்து விற்கும் ரெஜிஸ்ட்ராருக்கும் இடையிலான ஒப்பந்தங்கள். மூன்றாம் நபர் எவருக்கும் இதனால் உரிமை பிறக்காது என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த மூன்றாம் நபர் நீங்கள். என் வாடிக்கையாளர் கடைசியில் டாட் இன் பெயர் ஒன்றை வாங்கி, அட்டைப்பெட்டி லேபிள் முதல் விசிட்டிங் கார்டு வரை மறுபடி அச்சடித்தார்.

அரசின் இடம் இங்கேதான் என்கிறேன். வேர்க் கோப்பில் கை வைக்காமலே அரசு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறது. போலி வங்கித் தளங்களில் மக்கள் ஏமாறுவதைக் கண்ட ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் பெயருக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாறவேண்டும் என்று ஆணையிட்டது. அந்தப் பெயரைப் பதிந்து தரும் உரிமை ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடிக்கு மட்டும். வங்கி அல்லாத யாரும் அதை வாங்க முடியாது. கரூர் ஜவுளி வியாபாரியும் பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரியும் முகவரியின் வாலைப் பார்த்தே உண்மை வங்கியா என்று அறியலாம். டாட் இன் நம் நாட்டின் சொந்தக் குறியீடு. அதற்குள் அரசு விதி செய்ய எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அந்த அதிகாரத்தை அதன் எல்லைக்குள் மக்களுக்காகப் பயன்படுத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே போக்கில் இன்னும் இரண்டு அடி எடுத்துவைக்கவேண்டும் என்பது என் விருப்பம். இந்தியாவில் டொமைன் விற்கும் எந்த நிறுவனமும், அது எந்த நாட்டைச் சேர்ந்ததாக இருந்தாலும், பெயர் யாருடைய பெயரில் பதிவாகிறது என்பதைப் பணம் வாங்கும்போதே பணம் கட்டுபவருக்கு எழுத்தில் காட்டவேண்டும். ஐகானின் புதுப்பிப்பு, மீட்பு விதிகள் மீறப்பட்டால், அதைக் காட்டி இங்குள்ள ஒரு தீர்ப்பாயத்தில் குறைந்த செலவில் வழக்குப் போடும் உரிமையைச் சட்டம் பதிவுதாரருக்குத் தரவேண்டும். இரண்டிலும் வேர் அசையாது; விதியை எழுதுவோரும் மாறமாட்டார்கள்; எழுதிய விதிக்குக் கட்டுப்பட்டாகவேண்டிய நிலை மட்டும் வரும்.

உலக அளவில் அரசுகளுக்கு ஐகானில் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. அதன் ஒருமனதான ஆலோசனையை நிர்வாகக் குழு நிராகரிக்க 60 விழுக்காடு வாக்கு வேண்டும் என்பது 2016க்குப் பிந்தைய விதி. டாட் அமேசான் பெயரை அமேசான் நிறுவனம் 2012இல் கேட்டபோது, நதிக்கரை நாடுகளான பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. 2020இல்தான் அது வேரில் ஏறியது. முடிவு அந்நாடுகளுக்கு எதிராகவே போனாலும், எட்டு ஆண்டுகள் அவற்றின் வாதம் கேட்கப்பட்டது. அரசுகளுக்கு இந்த அளவு இடம் போதும் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் கொடுத்தால் பொறியாளரின் மேசை தூதரின் மேசையாகிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். ஐகான் தன் விதிகளை மாற்றும் முன் பொதுக் கருத்துக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எழுதலாம். பதிவகங்களும் வழக்கறிஞர்களும் தவறாமல் எழுதுகிறார்கள். பின்னலாடைக்காரர் ஒருவர் எழுதி நான் பார்த்ததில்லை. புதுப்பிப்பு விதிகள் அடுத்து எப்போது கருத்துக்கு வந்தாலும் உங்களுக்குத் தெரிவிக்கிறேன். இப்போது எனக்கு எழுதிய கேள்வியின் முதல் பாதியை அப்படியே அனுப்பலாம். அதற்கு முன் இன்று மாலையே ஐகானின் தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியைத் தட்டி, காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுதாரர் பெயர் அங்கே மறைந்திருந்தால், உங்கள் ரெஜிஸ்ட்ராரின் கணக்குக்குள் நுழைந்து பாருங்கள். நுழையக் கடவுச்சொல் உங்களிடம் இல்லை, தளம் செய்துகொடுத்தவரிடம்தான் இருக்கிறது என்றால், பெயரை மாற்றி எழுதும் படிவத்தோடு நாளைக் காலையில் அவரைப் போய்ப் பாருங்கள்.